அழுத்தத்தை ஆளும் சிறு வால்வு

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவைப்படுகிறது. ஆகவே, மகிழுந்து இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்ட விரும்புவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது எரிபொருளை அன்று, காற்றை. இயந்திரத்தின் உருளைகளுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்த முடிந்தால் கூடுதல் எரிபொருளையும் எரிக்கலாம். அந்தக் கூடுதல் காற்றைக் கொண்டு வந்து சேர்ப்பதே டர்போவின் வேலை.

டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள் இருக்கும். இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான கழிவுவாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனுடன் சேர்ந்து சுழலும் மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, உருளைகளுக்கு அனுப்புகிறது. புகைபோக்கி வழியாக வீணே போகவேண்டிய ஆற்றல் இவ்வாறு மீண்டும் வேலைக்கு வருகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று மலேசியச் சாலைகளில் ஓடும் புரோட்டோன் எக்ஸ்50, பெரோடுவா அத்திவா போன்ற மகிழுந்துகளிலும் டர்போ உண்டு.

ஆனால், டர்போவைத் தன் போக்கில் விட்டுவிட முடியாது. காற்று கூடினால் எரிதல் கூடும். எரிதல் கூடினால் கழிவுவாயு கூடும். கழிவுவாயு கூடினால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று மேலும் காற்றை அனுப்பும். தடுக்க ஏதும் இல்லாவிட்டால், இயந்திரம் தாங்காத அளவுக்கு அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இதைத் தடுப்பதற்காகவே ‘வேஸ்ட்கேட்’ எனப்படும் சிறு கதவு பொருத்தப்பட்டுள்ளது. அது திறந்தால், கழிவுவாயுவின் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமலேயே வெளியேறிவிடும், சுழற்சியும் மட்டுப்படும்.

கதவை எப்போது திறப்பது என்பதை ஒரு சுருள்வில்லே முடிவு செய்கிறது. டர்போ அனுப்பும் காற்றின் அழுத்தம் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக, ‘ஆக்சுவேட்டர்’ என்னும் சிறு உலோகக் குடுவையை அடைகிறது. அதனுள் ஒருபுறம் சுருள்வில், மறுபுறம் காற்றழுத்தம். சுருள்வில்லின் வலிமை 0.5 பார் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் அந்த அளவை நெருங்கும்போது சுருள்வில் பின்வாங்கும், கதவு திறக்கும். சுருள்வில்லுக்குக் கணக்குத் தெரியாது. வெயிலோ மழையோ, தன்னைத் தள்ளும் காற்றுக்கு மட்டுமே அது பதில் சொல்லும்.

மின்னணு அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி இந்த இடத்தில்தான் நுழைகிறது. இக்கருவி காற்றழுத்தத்தை உண்டாக்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. கருவி செய்வதெல்லாம் சுருள்வில்லை ஏமாற்றுவதுதான். டர்போவுக்கும் ஆக்சுவேட்டருக்கும் இடையே மின்சாரத்தால் இயங்கும் ஒரு சோலனாய்டு வால்வு வைக்கப்படுகிறது. அது ஒரு வினாடியில் பல முறை திறந்து மூடி, ஆக்சுவேட்டருக்குப் போகவேண்டிய காற்றில் ஒரு பகுதியைத் தடுத்தும் வெளியேற்றியும் விடுகிறது. உண்மையான அழுத்தம் 0.7 பார் இருக்கும்போதும் சுருள்வில் 0.5 பாரையே உணர்கிறது. கதவு தாமதமாகத் திறப்பதால் அழுத்தம் உயர்கிறது.

சுவீடனின் சாப் நிறுவனம் இதே நுட்பத்தை 1980-களின் தொடக்கத்தில் தன் மகிழுந்துகளில் பயன்படுத்தியது. அதன் நோக்கம் வேகம் மட்டுமன்று. தரம் குறைந்த பெட்ரோலை ஊற்றினால், தீப்பொறி முறையாக எரியவைப்பதற்கு முன்போ பின்போ உருளையின் வேறொரு மூலையில் எரிபொருள் தானாக வெடிக்கும். பட்டறைகளில் இதைத் தட்டல் என்பார்கள். சுத்தியலால் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை அது. அந்த அதிர்வை ஓர் உணரி கண்டறிந்ததும் சாப்பின் அமைப்பு அழுத்தத்தைக் குறைத்துவிடும். அதே வால்வைக் கொண்டு அழுத்தத்தைக் கூட்டவும் முடியும், இயந்திரத்தைக் காக்கவும் முடியும். இன்றைய டர்போ மகிழுந்துகள் பெரும்பாலானவற்றில் இயந்திரக் கணினியே இவ்வேலையைப் பார்த்துக்கொள்வதால், தனிக் கருவி பழைய வண்டிகளுக்கே பெரிதும் பொருந்தும்.

கருவியைப் பொருத்தும் பணி இயந்திரம் நன்றாக ஆறிய பிறகே தொடங்கும். வால்வில் மூன்று துளைகள் இருக்கும்: ஒன்று டர்போவிலிருந்து வரும் குழாய்க்கு, ஒன்று ஆக்சுவேட்டருக்குச் செல்லும் குழாய்க்கு, மற்றொன்று காற்று வெளியேறுவதற்கு. இவற்றை மாற்றி இணைத்துவிட்டால் அதன் விளைவு கடுமையாக இருக்கும். மின்சாரம் இல்லாத நிலையில் டர்போவின் அழுத்தம் முழுவதும் ஆக்சுவேட்டருக்குச் சென்றாக வேண்டும். அப்போதுதான் கம்பி அறுந்தாலும் ஃபியூஸ் எரிந்தாலும் பொறுப்பு மீண்டும் சுருள்வில்லிடமே திரும்பும். எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குக் காற்று போகிறது என்பதைப் பொருத்துவதற்கு முன்பே வாயால் ஊதிப் பார்த்து அறியலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

வால்வைப் புகைபோக்கிக் குழாயின் சூட்டுக்கு அப்பால், வண்டியின் உடற்பகுதியில் பொருத்துவது நல்லது. இயந்திரத்தின் மேலேயே பொருத்தினால் சூடும் அதிர்வும் அதன் ஆயுளைக் குறைக்கும். குழாய்கள் குட்டையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முனையிலும் கவ்வி இட்டு இறுக்க வேண்டும். ஆக்சுவேட்டருக்குச் செல்லும் குழாய் கழன்றால் அதற்கு அழுத்தம் சென்று சேராது, கதவும் திறக்காது. விரல் நீளக் குழாய் ஒன்று கழன்றதால் இயந்திரமே பாழாகக்கூடும். அழுத்தத்தை அளக்கும் உணரிக்கு, காற்று உருளைகளுக்குள் நுழையும் கிளைக்குழாயிலிருந்து தனி இணைப்புக் கொடுக்கப்படுகிறது. மின்சாரமோ, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் கம்பியிலிருந்து, ஃபியூஸ் வழியாக எடுக்கப்படுகிறது.

அளவைச் சரிசெய்வதுதான் நிதானம் தேவைப்படும் கட்டம். இதைப் பொதுச்சாலையில் செய்யக்கூடாது. சக்கரங்கள் உருளைகளின்மேல் சுழல, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும் டைனோ மேடையில் செய்வதே முறை. வால்வு வேலை செய்யும் பங்கை முதலில் சுழியத்தில் வைத்து, சுருள்வில் மட்டும் தரும் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். அது 0.5 பாராக இருந்தால், அதுவே தொடக்கப் புள்ளி. பிறகு வால்வின் பங்கைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் மானியைப் பார்க்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடுவோர் எடுத்த எடுப்பில் பெரிய எண்ணை அழுத்துவார்கள்.

இலக்கு 0.7 பார் என்று கொள்வோம். அழுத்தம் 0.9 வரை பாய்ந்து, பின் 0.7-க்கு இறங்கினால் அதை ‘எகிறல்’ எனலாம். இறுதியில் நிற்கும் எண் சரியாக இருந்தாலும், இடையில் தாவிய அந்த ஒரு நொடி பிஸ்டனை வதைக்கிறது. கருவி எவ்வளவு முனைப்பாகச் செயல்பட வேண்டும் என்பதைக் குறைத்து இதைச் சரிசெய்வார்கள். அழுத்தம் மெதுவாக ஏறினாலும் அளவோடு நிற்பதே மேல். எல்லையைத் தாண்டினால் வால்வைத் தானாக நிறுத்திவிடும் எச்சரிக்கை அளவையும் மறவாமல் பதிவு செய்ய வேண்டும்.

காற்று கூடும்போது எரிபொருளும் அதற்கேற்பக் கூடுகிறதா என்பதையும் உடனுக்குடன் அளக்க வேண்டும். பெட்ரோல் போதாவிட்டால் உருளைக்குள் வெப்பம் மிகும், தட்டல் தொடங்கும், பிஸ்டன் உருகவும் கூடும். வெளிக்காற்றே 32 பாகை செல்சியசில் இருக்கும் நம் பகுதியில், குளிர்நாட்டில் பாதுகாப்பாக இருந்த அதே அளவு இங்கே ஆபத்தாகலாம். ரோன்97 பெட்ரோலுக்கு ஏற்ப அமைத்த வண்டியில் ரோன்95 ஊற்றுவதும் அத்தகையதே. சில இயந்திரங்களின் கணினி, அழுத்தம் மிகுந்தால் எரிபொருளை நிறுத்தி வண்டியைக் குலுக்கும். அந்தக் குலுக்கலைப் பிடிக்காமல் அதை முடக்கும் கருவியை வாங்கி மாட்டுவோரும் உளர். புகை எச்சரிக்கை மணியின் ஓசை தொல்லை தருகிறது என்று அதன் மின்கலத்தைக் கழற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

மலேசியாவில் வண்டியின் இயந்திரத்தில் மாற்றம் செய்ய விரும்புவோர் சாலைப் போக்குவரத்துத் துறையின் விதிகளை அறிந்து, தேவையான அனுமதியை முன்னரே பெற வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் தெரிவிப்பது முறை.

வண்டி சில நாள் ஓடிய பிறகு, இயந்திர மூடியை மறுபடியும் திறக்க வேண்டும். சூட்டில் ரப்பர் குழாய் விறைத்திருக்கலாம், கவ்வி தளர்ந்திருக்கலாம். பழுதறிந்த பட்டறைக்காரர் முதலில் திரையில் தெரியும் எண்ணைப் பார்ப்பதில்லை; ஆக்சுவேட்டருக்குச் செல்லும் அந்தக் குழாயை இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கிறார்.