பெத்சாயிதாவில் இரண்டாம் தொடுதல்



நம் மருத்துவமனையின் கண் சிகிச்சைப் பிரிவில் ஒரு வயதான தாயாரைச் சந்தித்தேன். சர்க்கரை நோயினால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள். சிகிச்சைக்குப் பின் பார்வை ஓரளவே திரும்பியிருந்தது. பார்க்க வந்த ஒருவர், விசுவாசம் முழுமையாக இருந்தால் சுகமும் முழுமையாகக் கிடைத்திருக்கும் என்று சொல்லிப் போயிருந்தார். "ஐயா, என் விசுவாசம் போதவில்லையா?" என்று அந்தத் தாயார் கண்ணீரோடு கேட்டார்கள்.

அன்று அவர்களுக்கு மாற்கு 8:22-26 வேதபகுதியை வாசித்துக் காட்டினேன். பெத்சாயிதாவில் ஒரு குருடனைச் சிலர் இயேசுவிடம் அழைத்து வருகிறார்கள். அவர் அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திச் செல்கிறார். முதல் முறை தொட்டபோது அவனுக்கு மனிதர் மங்கலாக, நடமாடும் மரங்களைப்போலத் தெரிகிறார்கள். ஆண்டவர் மறுபடியும் தொடுகிறார். அதன் பின்புதான் பார்வை தெளிகிறது.

பாதிச் சுகம், பிறகு முழுச் சுகம் என்று நடந்த இந்த அற்புதத்தை மாற்கு மட்டுமே எழுதியிருக்கிறார். ஆண்டவருக்கு வல்லமை குறைந்ததா? இல்லை. மாற்கு இதை எந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்று கவனித்தால் பொருள் விளங்கும்.

இதற்குச் சற்று முன்புதான் சீஷர்கள் படகிலே அப்பத்தைக் குறித்துக் கவலைப்படுகிறார்கள். கண்ணிருந்தும் காணவில்லையா என்று ஆண்டவர் அவர்களைக் கேட்கிறார். இதற்கு அடுத்ததாக, பிலிப்புச் செசரியா பகுதியில், அவரே கிறிஸ்து என்று பேதுரு அறிக்கையிடுகிறார். ஆனால் அவர் பாடுபட வேண்டும் என்றதும் அதே பேதுரு தடுக்கிறார். கிறிஸ்துவைக் கண்டுகொண்டார், சிலுவையைக் காணவில்லை. அவருடைய பார்வையும் அந்தக் குருடனின் முதற்பார்வையைப் போன்றதே. அதன்பின் மூன்று அதிகாரங்களில் மூன்று முறை ஆண்டவர் தம் பாடுகளைக் குறித்துப் பேசுகிறார். முடிவிலே எரிகோவில் பர்திமேயு பார்வை பெற்று, அவருக்குப் பின்னே வழியில் நடக்கிறான் (10:46-52). இந்த இரண்டு குருடருக்கும் நடுவில் நாம் வாசிப்பது, சீஷர்களின் கண்கள் மெல்ல மெல்லத் திறக்கப்படும் வரலாறு.

யோவான் தம் சுவிசேஷத்தில் அற்புதங்களைக் குறிக்க 'செமெயோன்' என்ற கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார். அதற்கு அடையாளம் என்று பொருள். அடையாளம் வழியைக் காட்டுவது. நோயாளியை அளந்து பார்க்கும் அளவுகோல் அல்ல. ஆண்டவர் விசுவாசத்தைப் பாராட்டிய இடங்கள் உண்டு. பர்திமேயுவிடமும் அப்படியே சொன்னார். ஆனால் பெத்சாயிதா மனிதனின் விசுவாசத்தைக் குறித்து மாற்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. வேண்டிக்கொண்டவர்கள் அவனை அழைத்து வந்தவர்களே. அவனும் மங்கலாகத் தெரிவதை மறைக்காமல் உள்ளபடி சொன்னான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பாதியில் விட்டுவிடவும் இல்லை.

இதைக் கேட்ட அந்தத் தாயார் சற்று நேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு, "அப்படியானால் நான் இன்னும் மரம் பார்க்கிற இடத்தில்தான் இருக்கிறேன் ஐயா. கையை விடமாட்டார் அல்லவா?" என்று கேட்டார்கள். அவர்கள் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் குற்ற உணர்வு நீங்கி வீடு திரும்பினார்கள்.

அன்பானவர்களே, அந்தக் குருடனை அழைத்து வந்தவர்களின் பெயர்கள் வேதத்தில் இல்லை. உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் நீங்களும் அவர்களோடு நிற்கிறீர்கள். நோயுற்றவரைப் பார்க்கப் போகும்போது, விசுவாசத்தை அளக்கும் வார்த்தையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்காருங்கள்.

ஆண்டவர் பணியில்,
மருத்துவமனைப் போதகர்