ஊரைப் படிக்கும் படிப்பு

ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உழைக்கிறது. ஆயினும், அதன் கடன் தீரவில்லை. விளைச்சல் பெருகுகிறது, ஆயினும், உழவரின் வருவாய் பெருகவில்லை. இவை ஏன் நிகழ்கின்றன? இத்தகைய வினாக்களுக்குச் சான்றுகளோடு விடைதேடும் துறையே பொருளியல். பள்ளியிலும் இளநிலை வகுப்பிலும் அத்துறையின் அடிப்படைகளைக் கற்கும் மாணவர், முதுநிலை வகுப்பில் அவற்றைக் கொண்டு ஆராயப் பயில்கின்றனர்.

சிற்றூரே ஆய்வுக்களம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக 1915ஆம் ஆண்டில் பொறுப்பேற்றவர் கில்பர்ட் சிலேட்டர். அவர் தம் மாணவர்களைச் சிற்றூர்களை ஆராயுமாறு தூண்டினார். நிலம் எவரிடம் உள்ளது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என அவர்கள் வினவிக் குறித்தனர். இருவேல்பட்டு, கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அவ்வாய்வுகள் 1918இல் நூலாக வெளிவந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின், 1936-37இல், அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன. மாணவர் எழுதிவைத்த கணக்குகளே ஊர்களின் மாற்றத்தை அளக்கும் அளவுகோலாயின.

எண்ணும் காரணமும்

நுண்ணியல் பொருளியல், பேரியல் பொருளியல் ஆகியவற்றோடு புள்ளியியலும் பொருளாதார அளவையியலும் முதுநிலைப் படிப்பில் முதன்மை பெறுகின்றன. உணவுத்திட்டம் தொடங்கியபின் ஒரு பள்ளியில் மாணவர் வருகை உயர்ந்தது எனக் கொள்வோம். அதற்கு உணவு காரணமா, அவ்வாண்டு அமைந்த புதிய சாலை காரணமா? இரண்டையும் பிரித்தறியும் வழியைப் பொருளாதார அளவையியல் காட்டுகிறது. ஆகவே, இத்துறையை நாடுவோர் கணிதத்தில் இப்போதே பயிற்சி பெறுதல் நன்று.

காரணத்தைத் தவறாகக் கணித்தால் உயிர்களும் இழக்கப்படும். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு இருந்தும் அதனைப் பெறும் ஆற்றலை மக்கள் இழக்கும்போது பஞ்சம் நேரக்கூடும் என்பதை 1981இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். களஞ்சியத்தின் இருப்பை மட்டும் பார்க்கும் அரசு, கூலியாளின் வெறும்பையைக் காணத் தவறிவிடும். பொருளியலுக்கான நோபல் பரிசை அவர் 1998இல் பெற்றார்.

பணிவாய்ப்புகள்

பொருளியலில் முதுநிலைப் பட்டம் பெற்றோர், மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதலாம். இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வுப் பிரிவு, வணிக வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், இதழியல் ஆகியவற்றிலும் வாய்ப்புகள் உள்ளன. தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் வெற்றிபெறுவோர் கல்லூரி ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். ஆய்வில் நாட்டமுடையோர் முனைவர் பட்டத்தை நோக்கிச் செல்லலாம். மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அத்தகையோர்க்கு உரிய களங்களுள் ஒன்று.

எப்பணியில் அமர்ந்தாலும், பொருளியல் அறிஞர் எழுதும் ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் அடுப்பு இருக்கிறது. அதனை மறவாதிருப்பதே இக்கல்வியின் பயனாகும்.