உங்களுக்குத் தெரியுமா? எலுமிச்சை கடைசியில்தான்!

மாட்டுக்கறியைச் சூடான சட்டியில் வாட்டினால் சாறு உள்ளேயே தங்கிவிடும் என்பது தவறு. 1847-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் பரப்பிய கருத்து அது. வாட்டுவது ருசிக்காக. ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கறியின் புரதக்கூறுகளும் சர்க்கரையும் சேர்ந்து செம்பழுப்பாகி மணக்கும். 1912-இல் பிரெஞ்சுக்காரர் மையார் இதை விளக்கினார்.

ஈரமும் புளிப்பும் அந்த வேலையைக் கெடுக்கும். வாட்டுவதற்கு வீட்டு இரும்புச் சட்டியே அருமையானது. கறியைத் துணியால் நன்றாக ஒற்றி, நாருக்குக் குறுக்கே மெலிதாக அரிந்து வாட்டி எடுங்கள். பிறகு அதே சட்டியில் பூண்டு, மிளகு, சாத்துக்குடிச் சாறு, கொஞ்சம் எலுமிச்சை விட்டு, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக் கரையுங்கள். புளிப்பு இரும்பில் நெடுநேரம் கொதித்தால் இரும்புவாடை ஏறும், சட்டென்று இறக்கிவிடுங்கள்.