உறுமல் குரலில் உபநிடதம்

சிதம்பரம் கோயிலில் ருத்ரம் ஓதக் கேட்டிருப்பீர்கள். அந்தத் துதிக்குரிய ருத்திரன் பெயரிலேயே சிங்கப்பூரில் ஒரு டெத் மெட்டல் இசைக்குழு இருக்கிறது: 'ருத்ரா'. 1992-இல் தொடங்கியது. பேஸ் கிட்டார் வாசித்தபடி பாடுபவர் கதிர். வேதாந்தம் பயின்றவர்.

டெத் மெட்டல் என்றால் கரகரக்கும் கிட்டார், இரண்டு கால்களாலும் அடிக்கும் அதிவேக டிரம்ஸ், அடித்தொண்டையிலிருந்து எழும் உறுமல். மேலை நாடுகளில் இந்த இசைக்குச் சாவும் சாத்தானும்தான் வழக்கமான பாடுபொருள். ருத்ரா அந்த இடத்தில் வேதாந்தத்தை வைத்தது. சமஸ்கிருத சுலோகங்களையும் சேர்த்தது. 'வேதிக் மெட்டல்' என்ற பெயர் இவர்களால்தான் பரவியது.

முதல் ஆல்பம் 1998-இல் வந்தது. ஆனால் 2005-இல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமோர்டியல் ஐ' ஆல்பத்தில்தான் தத்துவமும் இசையும் சரியாகப் பொருந்தின என்பது என் கணிப்பு. 2009, 2011-இல் அடுத்த இரு பாகங்களும் வெளிவந்தன. இதே வழியில் மும்பையின் 'டெமோனிக் ரெசரக்ஷன்' மெட்டல் குழுவும், திருமாலின் பத்து அவதாரங்களை வைத்து 'தசாவதார்' ஆல்பத்தை வெளியிட்டது 2017-இல்.

கேட்க நினைப்பவர்கள் முதலில் ஒலியைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருப்பார்கள்!