கோபுரத்தில் நின்ற ஆள்

நம்ப முடியாத பக்கங்கள் – 9

'காஞ்சனை' சிறுகதையைப் பற்றிய சென்ற வாரக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைக் கேட்டிருந்தன. அந்தப் பெண் பேய்தானா, இல்லை கதை சொல்கிறவனின் மனப்பிராந்தியா? முடிவாக ஒன்றைச் சொல்லுங்கள் என்கிறார்கள்.

சொல்லாமல் நழுவத்தான் போகிறேன். இந்தக் கேள்வியைக் கட்டிக்கொண்டு 90 வருஷமாக மாரடிக்கும் ஒரு விமர்சகர் கூட்டத்தின் கதையைக் கேட்டால், ஏன் நழுவுகிறேன் என்பது விளங்கும். அவர்கள் மாரடிப்பது ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' என்ற குறுநாவலை வைத்து. அதுவும் இந்தத் தொடரைப் போல வாரப் பத்திரிகையில் வந்ததுதான். அமெரிக்காவின் 'காலியர்ஸ் வீக்லி'யில் 1898 ஜனவரி 27 முதல் ஏப்ரல் 16 வரை, 12 வாரம்.

விதை விழுந்த இடம் ஒரு பேராயரின் வீடு. 1895 ஜனவரி 5 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் ஜேம்ஸ் எழுதிய 'கை டோம்வில்' நாடகம் அரங்கேறியது. திரை விழுந்ததும் மேடையில் தலைகாட்டிய ஆசிரியரை கேலரி ஜனம் ஊளையிட்டு விரட்டியது. அந்தக் காயம் ஆறுவதற்குள், ஐந்தாம் நாள், கேன்டர்பரி பேராயர் எட்வர்ட் வைட் பென்சனின் அடிங்டன் இல்லத்துக்குப் போனார். பேராயர் வீட்டில் பேய்க்கதையா என்று ஆச்சரியப்பட வேண்டாம். 1882இல் லண்டனில் தொடங்கிய ஆவியுலக ஆராய்ச்சிச் சங்கத்தின் முதல் தலைவர் ஹென்றி சிட்ஜ்விக், பேராயரின் மைத்துனர். பேராயரின் மகன்கள் மூவர் பிற்காலத்தில் பேய்க்கதை எழுதினார்கள். அப்படிப்பட்ட வீடு.

பேராயர், தாம் எப்போதோ அரைகுறையாகக் கேட்ட ஒரு விஷயத்தைச் சொன்னார். 12ஆம் தேதி ஜேம்ஸ் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பெற்றோரை இழந்த குழந்தைகள், கிராமப்புறத்தில் ஒரு பழைய மாளிகை, குழந்தைகளைக் கெடுத்த வேலைக்காரர்கள், செத்த பிறகும் திரும்பி வந்து ஆபத்தான இடங்களுக்கு அப்பால் நின்று கைகாட்டிக் கூப்பிடும் அவர்களுடைய உருவங்கள். அவ்வளவுதான். அந்தக் குறிப்பில், கதையைச் சொல்லப்போகும் ஆசிரியை கிடையாது. வெளியிலிருந்து பார்க்கிற யாரோ ஒருவர் சொல்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று மட்டும் கண்டிருக்கிறது. அந்த 'யாரோ ஒருவர்'தான் பிற்பாடு விமர்சகர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர்.

1897இல்தான் கதையை எழுதினார். எழுதினார் என்பதைவிடச் சொன்னார் என்பதுதான் சரி. மணிக்கட்டு வலி தாங்காமல், மெக்ஆல்பைன் என்ற ஸ்காட்லாந்துக்காரரைத் தட்டச்சுக்கு வைத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பயங்கரமான வாக்கியத்தைச் சொன்னாலும் அந்த மனிதர் முகத்தில் சலனமே இல்லாமல் அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பாராம்.

கதை இதுதான். கிராமத்துப் பாதிரியார் ஒருவரின் கடைசி மகள், வயது 20, வேலை தேடி லண்டனுக்கு வருகிறாள். ஹார்லி தெருவில் ஓர் அழகான பணக்காரர். எஸெக்ஸில் உள்ள பிளை என்ற தன் மாளிகையில் வளரும் தம்பி மகனுக்கும் மகளுக்கும் ஆசிரியையாகப் போகச் சொல்கிறார். ஒரே நிபந்தனை: என்ன நடந்தாலும் தன்னைத் தொந்தரவு செய்யக் கூடாது. அவள் ஒப்புக்கொள்கிறாள். பையன் மைல்ஸ், பெண் ஃப்ளோரா. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் க்ரோஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஜூன் மாத மாலை. குழந்தைகள் படுத்துவிட்டார்கள். ஆசிரியை தோட்டத்தில் உலாவுகிறாள். திருப்பத்தில் சட்டென்று ஒருவர் எதிர்ப்பட்டு, நன்றாகச் செய்கிறாய் என்பதுபோல் சிரித்தால் எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நினைக்கிறாள். யார் அந்த ஒருவர் என்று நமக்குத் தெரியும். நிமிர்ந்து பார்க்கிறாள். கோபுரத்தின் மேல் ஓர் ஆள் நிற்கிறான். நினைத்தது நிஜமாகிவிட்டதே என்று முதல் அதிர்ச்சி. இவன் அவரில்லை என்று அடுத்தது. அந்தக் கணத்தில் காக்கைகளின் சத்தம் நின்றுபோகிறது.

இரண்டாவது முறை அதே ஆள் சாப்பாட்டு அறை ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்க்கிறான். தன்னைத் தேடி அவன் வரவில்லை, வேறு யாரையோ தேடுகிறான் என்று அவளுக்குப் படுகிறது. வெளியே ஓடுகிறாள். ஆள் இல்லை. அவன் நின்ற அதே இடத்தில் நின்று, அவன் பார்த்த மாதிரியே கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து அறைக்குள் நுழைந்த மிஸஸ் க்ரோஸ், ஜன்னலில் இவள் முகத்தைக் கண்டு வெளிறிப்போகிறாள். மாயக் கதைகளைப் பற்றி எழுதுகிற யாரும் இந்தக் காட்சியை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பேன். பேயின் இடத்தில் ஆசிரியையை நிறுத்தி, இவளைப் பார்த்தும் ஒருத்தி பயப்படுவாள் என்று காட்டிவிட்டு, ஜேம்ஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்.

முதலில் வந்த மதிப்புரைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பேய் உண்டா என்ற சந்தேகமே எழவில்லை. அவர்களுக்கு இருந்தது ஒழுக்கப் பிரச்சினை. குழந்தைகளைப் போய் இப்படிக் களங்கப்படுத்தலாமா என்று கொதித்தார்கள். 'தி இண்டிபெண்டன்ட்' என்ற பத்திரிகை 1899 ஜனவரியில், இதுவரை எழுதப்பட்டதிலேயே தீமை மிகுந்த கதை இது என்கிற தொனியில் தீர்ப்பு வழங்கியது. சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த மதிப்புரைக்காரர் கதையால் நிஜமாகவே தாக்கப்பட்டிருந்தார். பின்னால் வந்த கெட்டிக்காரர்கள் பலரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

1921இல் வர்ஜீனியா வுல்ஃப் டைம்ஸ் இலக்கிய இணைப்பில் ஜேம்ஸின் பேய்க்கதைகளைப் பற்றி எழுதினார். ரத்தக்கறை படிந்த மாலுமிகளும் தலையில்லாப் பெண்களும் உலவிய பழைய பேய்க்கதைகளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை, இந்தப் பேய்கள் நமக்குள்ளிருந்து வருகின்றன என்பது அவர் வாதம். கோபுரத்துக் காட்சியின் நிசப்தத்தையும் கவனித்தவர் அவர். பேய் இருந்ததா என்பதை விட்டுவிட்டு, பயம் எந்த வாக்கியத்தில் பிறக்கிறது என்று தேடிய முதல் பெரிய மதிப்புரையாளர் என்று அவரைச் சொல்லலாம்.

1924இல் எட்னா கென்டன் என்பவர், பேய்கள் ஆசிரியையின் மனதில் எழுந்தவை என்று ஒரு கட்டுரை எழுதினார். வெடி வைத்தவர் எட்மண்ட் வில்சன். 1934இல் அவர் எழுதியதன் சாரம்: ஆசிரியை எஜமானன்மேல் மையல் கொண்டவள். அதை அடக்கி அடக்கி மனம் பிறழ்ந்தவள். பேயைப் பார்த்ததாகச் சொல்வது அவள் மட்டும்தான். ஆண் உருவம் கோபுரத்தில் தோன்றுகிறது, கதையில் பிற்பாடு வரும் பெண் உருவம் ஏரிக்கரையில். ஏரிக்கரையில் ஃப்ளோரா ஒரு மரத்துண்டின் துளைக்குள் இன்னொரு துண்டைச் செருகி விளையாடுகிறாள். ஃப்ராய்ட் அலை அடித்த காலம், மேலே சொல்ல வேண்டியதில்லை.

வில்சனின் வாதம் முட்டி நின்றது ஒரே இடத்தில். ஜன்னல் சம்பவத்துக்குப் பிறகு ஆசிரியை, தான் பார்த்த ஆளை மிஸஸ் க்ரோஸிடம் வர்ணிக்கிறாள். சிவந்த சுருட்டை முடி, வெளுத்த நீள முகம், கூரிய கண், தொப்பி இல்லை, உடை மட்டும் வேறு யாருடையதோ. கேட்ட மாத்திரத்தில் மிஸஸ் க்ரோஸ் பெயரைச் சொல்லிவிடுகிறாள். பீட்டர் க்விண்ட், எஜமானனின் பணியாள், செத்துப்போனவன். அப்படி ஒருவன் இருந்ததே தெரியாதவள் எப்படி அவனை அச்சு அசலாக வர்ணித்தாள்? பிரமைக்கு இவ்வளவு துல்லியம் உண்டா?

இந்த முட்டுக்கட்டையை வைத்து மறுத்தவர்கள் பலர். ராபர்ட் ஹைல்மன் 1947இல் ஃப்ராய்டிய வாசிப்பைப் பிய்த்துப் போட்டார். 1948இல் வில்சனே கொஞ்சம் இறங்கி வந்தார். 1957இல் ஜான் சில்வர் என்பவர், யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்ன உரையாடலைத் தூக்கிப் பிடித்தார். கோபுரத்தில் பார்த்தது கிராமத்து ஆள் இல்லை என்று தான் உறுதி செய்துகொண்டதாக ஆசிரியை போகிறபோக்கில் சொல்கிறாள். அப்படியானால் ஊருக்குள் விசாரித்திருக்கிறாள், க்விண்டைப் பற்றி அங்கேயே யாராவது சொல்லியிருக்கலாம் அல்லவா? வில்சனுக்குத் தெம்பு வந்து, 1959இல் பழையபடி தன் கட்சிக்கே திரும்பினார்.

வில்சனைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அவர் கிளப்பிய சண்டையால்தான் ஒவ்வொரு வரியையும் மீண்டும் படித்தார்கள். எஜமானனுக்கு இளமையும் அழகும் பிடிக்கும் போலிருக்கிறது என்று ஆரம்பத்திலேயே ஆசிரியை சொல்ல, ஆமாம், அவனுக்கு எல்லோரும் அப்படித்தான் வேண்டும் என்று மிஸஸ் க்ரோஸ் இறந்தகாலத்தில் சொல்லிவிட்டு, எஜமானனைத்தான் சொன்னேன் என்று அவசரமாகத் திருத்துகிறாள். வேறு எந்த 'அவன்' அவள் வாயில் வந்தான்? க்விண்டைப் பற்றிய முதல் கசிவு இது. பேய்க் கட்சிக்கும் இது சாட்சி, பிரமைக் கட்சிக்கும் இதுவே சாட்சி. ஜேம்ஸ் இரண்டு பக்கமும் ஆணியை ஒரே கையால் அடித்திருக்கிறார்.

தெரியாமல் அடித்தார் என்று நான் நம்பவில்லை. அண்ணன் வில்லியம் ஜேம்ஸ் உளவியல் பேராசிரியர், ஆவி ஆராய்ச்சியிலும் ஈடுபட்டவர். மிஸஸ் பைப்பர் என்ற பாஸ்டன் ஆவிப் பேச்சாளரைப் பற்றி அண்ணன் எழுதிய அறிக்கையை 1890இல் லண்டன் சங்கக் கூட்டத்தில் வாசித்தவரே ஹென்றிதான். அந்த மாதிரி அறிக்கைகளில் வருகிற ஆவிகள் அவருக்குக் கதைக்கு உதவவில்லை. சும்மா வந்து நிற்கும், போகும், ஒன்றும் செய்யாது. 1908 பதிப்பின் முன்னுரையில் இதைச் சொல்லிவிட்டு, தன் கதையில் வரும் அந்த ஆண், பெண் உருவங்கள் இரண்டும் பழைய காலத்துப் பூதங்களின் வம்சம் என்கிறார். அவர்கள் செய்த தீமை என்னவென்று எங்கேயும் எழுதாமல் விட்டதையும் அங்கே ஒப்புக்கொள்கிறார். வாசகரையே தீமையை நினைக்க வைத்துவிட்டால் போதும், விவரத்தை அவரே நிரப்பிக்கொள்வார் என்பது கணக்கு. ஆவிச் சங்கத்தின் எஃப். டபிள்யூ. எச். மையர்ஸ் கேள்விகளோடு கடிதம் எழுதியபோது, பிழைப்புக்கு எழுதினதுதானே என்ற பாணியில் ஜேம்ஸ் நழுவினார். எனக்கு நல்ல முன்னோடி.

இந்தக் கணக்கு பலித்ததைத்தான் மதிப்புரைகளின் வரலாறு காட்டுகிறது. 1898இன் வாசகர் ஒழுக்கக் கேட்டை நிரப்பினார். 1934இன் வாசகர் காமத்தை நிரப்பினார். 1977இல் ஷோஷனா ஃபெல்மன், இப்படி எல்லோரும் விழுகிற குழியையே தன் கட்டுரைக்குப் பொருளாக்கினார். இடையில் 1970இல் த்ஸ்வெட்டான் டோடரவ் ஒரு நல்ல அளவுகோல் தந்தார். நடந்தது இயற்கையா, இயற்கைக்கு மீறியதா என்ற தயக்கம் நீடிக்கும்வரைதான் விந்தைக் கதை விந்தைக் கதையாக இருக்கும். கடைசிப் பக்கம்வரை தயக்கத்தைக் கைவிடாத அபூர்வக் கதைகளில் ஒன்றாக அவர் சுட்டியதும் இதைத்தான். மதிப்புரையாளர் ஒரு கட்சியில் சேர்ந்த அடுத்த நொடி, கதை வேறொன்றாகிவிடுகிறது.

மேடையும் திரையும் கட்சி சேராமல் தப்பிக்க முடியாது. 1954இல் வெனிஸில் அரங்கேறிய பெஞ்சமின் பிரிட்டனின் ஆபெராவில் பேய்கள் வாய்திறந்து பாடுகின்றன. பாடுகிற பேயை எப்படி இல்லையென்பது? ஜாக் கிளேட்டனின் 'தி இன்னொசென்ட்ஸ்' (1961) சாமர்த்தியமான படம். டெபரா கெர்ரின் முகத்தில் முதலில் பயத்தைக் காட்டிவிட்டுப் பெரும்பாலும் அதன் பிறகுதான் உருவத்தைக் காட்டுவார்கள். அதிலும்கூட ஒரு காட்சியில், மேஜையருகே அமர்ந்து அழுத பெண் உருவம் மறைந்த பிறகு, ஒரு கண்ணீர்த் துளி மிச்சமிருக்கிறது. ஆசிரியை அதை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான், கதைக்குச் செய்த துரோகமும் அதுதான்.

நம் பக்கத்தில் இந்தத் தயக்கத்தைக் கொல்வதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறோம். செத்தவர் பேசினாலோ, மரம் நடந்தாலோ 'மாய யதார்த்தம்' என்று முத்திரை குத்தி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். யார் பார்த்தார், எந்த வெளிச்சத்தில் பார்த்தார், பக்கத்திலிருந்தவர் என்ன சொன்னார், இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார் என்று கேட்பதில்லை. ஜேம்ஸ் கதையில் ஆசிரியை பல வருஷம் கழித்து எழுதியதை, அவள் இறந்த பிறகு டக்ளஸ் என்பவர் ஒரு கிறிஸ்துமஸ் நேரத்துக் கூட்டத்தில் வாசிக்கிறார். அதை இன்னொருவர் படியெடுத்து நமக்குத் தருகிறார். மூன்று கை மாறி வந்த சாட்சியம். மதிப்புரையின் முதல் பத்தி அங்கே தொடங்க வேண்டும்.

பேய்ச் சண்டையில் எல்லோரும் மறந்துபோனது மைல்ஸை. கதை தொடங்கும்போதே பள்ளிக்கூடத்திலிருந்து அவனை விலக்கிவிட்டதாகக் கடிதம் வருகிறது. காரணம் அதில் இல்லை. படிக்கத் தெரியாத மிஸஸ் க்ரோஸுக்கு அந்தக் கடிதம் ஆசிரியையின் வாய் வழியாகத்தான் போகிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அவனால் கேடு என்ற அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்வது அவள்தான். கடைசிக் காட்சியில், அவள் துருவித் துருவிக் கேட்டபோது, சில விஷயங்களைச் சொன்னேன் என்கிறான் பத்து வயதுப் பையன். யாரிடம்? தனக்குப் பிடித்தவர்களிடம். அவர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களிடம் சொல்லியிருக்கலாம். என்ன சொன்னான் என்று அவள் அடுத்து கேட்கிறாள். பதில் வருவதற்குள் ஜன்னலில் மறுபடி அந்த முகம் அவளுக்குத் தெரிகிறது. சில வரிகளில் பையன் அவள் கையில் செத்துப்போகிறான். ஜன்னலில் நின்றது யார் என்பதற்கு அலமாரி கொள்ளாத அளவு எழுதியாகிவிட்டது. பத்து வயதுப் பையன் யாரிடம் கற்று, யாரிடம், என்ன சொன்னான், அதற்கு ஏன் பெரியவர்கள் எல்லோரும் இப்படி வாயடைத்துப்போனார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. நான் மதிப்புரை எழுதினால் முக்கால்வாசி இடத்தை அதற்குத்தான் ஒதுக்குவேன்.

அடுத்த வாரம் மெக்சிகோவுக்குப் போகலாம். ஹுவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பராமோ', 1955. அதில் ஊரே செத்தவர்கள். கதை சொல்கிறவனும் பாதி வழியில் செத்து, குழிக்குள்ளிருந்து பேச்சைத் தொடர்கிறான். ஆவி உண்டா இல்லையா என்று கேட்கக்கூட உயிரோடு ஆளில்லை.

(தொடரும்)