கத்தி பிடிக்கும் முன் மொழி பிடிபட வேண்டும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளை மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்கு அனுப்புவோர் உண்டு. கட்டணம், விடுதி, சாப்பாடு பற்றியெல்லாம் விசாரிக்கிறோம். அறுவை சிகிச்சைப் பயிற்சி எப்படி என்று கேட்பவர் குறைவு. என் தங்கை பேரன் 2013-ல் அங்கு சேர்ந்து 2019-ல் படிப்பை முடித்தவன். அவனிடம் கேட்டறிந்ததை எழுதுகிறேன்.

தையல் போடவும் முடிச்சிடவும் முதலில் பொம்மையிலும், பிறகு பன்றித் தோலிலும் பழக்கினார்களாம். அடுத்தது கை கழுவுவது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தேய்த்து, தண்ணீர் முழங்கை வழியே வடியும்படி கைகளை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் பெரும்பாலும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். மேஜையருகே அழைத்தால், கீறிய இடத்தைக் கொக்கியால் விரித்துப் பிடிக்கும் வேலை கிடைக்கும்.

யாரை அழைப்பார்கள்? ரஷ்ய மொழி பேசுபவனை. பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நோயாளியும் நர்ஸும் பேசுவது ரஷ்ய மொழி. "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கத் தெரியாதவன் சுவரோரம் நிற்க வேண்டியதுதான். இவன் மொழியைக் கற்று, இரவு டூட்டி டாக்டர்களுடன் தானாகவே போய் நின்றான். நான்காம் வருடத்தில் முதல் தையல் போட விட்டார்கள்.

நம் நாட்டில் தொழில் செய்ய எழுதும் தகுதித் தேர்வில் 300 கேள்விகள். 150 எடுத்தால் தேர்ச்சி. அது கைப்பழக்கத்தைச் சோதிக்காது. ஒர்க்ஷாப்பில் அரம் பிடிக்காத அப்ரண்டிஸ் பிட்டர் ஆவதில்லை, இதுவும் அப்படியே.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிப்படி, அதன்பின் சேர்ந்தவர்களுக்குக் குறைந்தது 54 மாதப் படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும், இந்தியா திரும்பியபின் மேலும் 12 மாதப் பயிற்சியும் வேண்டும்.

ஆகவே பெற்றோர் பணம் கட்டுமுன் மூன்று விஷயங்களைக் கேட்கவும். அந்த 12 மாதப் பயிற்சி ஆறு வருடத்துக்குள் அடங்குமா, தனியா? கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி, ஒரு குழுவில் எத்தனை மாணவர்கள்? அந்நாட்டு மொழியை எத்தனை வருடம் கற்பிக்கிறார்கள்? ஏஜெண்டிடம் மட்டும் கேட்காமல், அங்கே படித்து வந்த பிள்ளைகளிடமும் கேளுங்கள். நாளை நம் பிள்ளையின் கத்திக்கு முன் படுக்கப்போவது ஓர் உயிர்.