தள்ளி நின்று பதில் சொல்!

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ரோட்டில் போனால் பந்தல்குடி வரும். சுற்றிலும் மானம் பார்த்த பூமி. அதே ரோட்டில் இன்னும் தெற்கே போனால் எட்டயபுரம். அந்தப் பக்கத்து ஊர்தான் காமநாயக்கன்பட்டி. வீரமாமுனிவர் தொண்டு செய்த ஊர். ஆகஸ்ட் 15-ந் தேதி அங்கே மாதா திருவிழா.

இந்த மாதிரிக் கோவில்களில் அந்தக் காலத்துப் பூசை லத்தீனில் நடந்தது. பெரிய பாட்டுப் பூசை என்றால் பீடத்தில் மூன்று பேர் வேண்டும். நடுவில் குரு, அவருக்கு உதவியாகத் தியாக்கோன், உபதியாக்கோன். தியாக்கோன் சுவிசேஷம் பாடுவார். உபதியாக்கோன் நிருபம் பாடுவார். பாடி முடித்தால் போதுமா? தோளில் போர்த்திய பட்டுத் துகிலால் தட்டத்தை மூடிப் பிடித்தபடி, பரலோக மந்திரம் வரும் வரை பீடத்தின் கீழே நிற்க வேண்டும். கை கடுத்தாலும் இறக்கி வைக்க முடியாது!

கரிசல் சீமையில் மூன்று பேருக்கு எங்கே போவது? ஒரு சுவாமியாருக்கே பல ஊர்கள். திருவிழா என்றால் அக்கம்பக்கத்துச் சுவாமியார்கள் வந்து, அன்றைக்கு மட்டும் தியாக்கோன், உபதியாக்கோன் உடுப்பைப் போட்டுக்கொள்வது வழக்கம். மற்ற நாட்களில் உதவிக்கு ஒரு பையன்தான். அர்த்தம் புரியாத லத்தீன் பதில்களை நெட்டுருப் போட்டு, கடகடவென்று ஒப்பித்துவிடுவான். சுவாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்தியவர் உபதேசியார். அவர்களுக்காகவே வீரமாமுனிவர் 1727-ல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார்.

சரி, அந்தப் பையனும் வரவில்லை. கோவிலில் ஆண் பிள்ளை ஒருவர்கூட இல்லை. நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், சகோதரி. என்ன செய்வது?

1917-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் இதற்கும் விடை வைத்திருந்தது. 813-வது விதி. உதவியாள் இல்லாமல் குரு பூசை வைக்கக் கூடாது. வேறு வழியில்லாவிட்டால் பெண் பதில் சொல்லலாம். ஆனால் தூரத்தில் இருந்தபடி. எந்தக் காரணம் கொண்டும் பீடத்தை நெருங்கக் கூடாது. குரல் வேண்டும், ஆள் வேண்டாம்! பீடத்துக்குப் பூ கட்டியதும் பூசை உடுப்பில் பூ வேலை செய்ததும் யார் கை என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களோ, என்னவோ.

ஆறாம் பவுல் பாப்பரசர் 1972-ல் பிறப்பித்த ஆணையோடு உபதியாக்கோன் பட்டம் போயிற்று. பழைய முறையில் பூசை நடக்கும் சில இடங்களில் மட்டுமே அவரை இன்று பார்க்கலாம். தியாக்கோன் இருக்கிறார், திருத்தொண்டர் என்று பெயர் மாறியிருக்கிறது. 1994-ல் ரோமாபுரி சம்மதம் தந்தது: ஆயர் இசைந்தால் பெண் பிள்ளைகளும் பீடத்தில் உதவலாம். 2021 ஜனவரியில் பிரான்சிஸ் பாப்பரசர் வாசகர் பணியையும் பீடத்துணைவர் பணியையும் பெண்களுக்கு முறையாகத் திறந்துவிட்டார். அதே வருஷம் மே மாதம் உபதேசியார் வேலையும் நிலையான திருப்பணி ஆயிற்று. அதிலும் பெண்களுக்குத் தடையில்லை.

தியாக்கோன் பட்டம் மட்டும் இன்னும் ஆண்களுக்கே. 2016-லும் 2020-லும் கமிஷன் போட்டு ஆராய்ந்து பார்த்தார்கள். அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.